முகம் காட்டாத அட்டைகள்: இசைத்தட்டு உறையிலும் இசைக் காணொளியிலும் வழமையும் மீறலும்

2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். லண்டனில் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஊடகவியல் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். ஒரு பாட்டுக்கு இசைக் காணொளி எடுக்க வேண்டும். அந்தப் பாட்டு இடம்பெறும் இறுவட்டுக்கு மடிப்பு அட்டை ஒன்றை வடிவமைக்க வேண்டும். சஞ்சிகையில் வரக்கூடிய விளம்பரம் ஒன்றும் செய்ய வேண்டும். மூன்றும் முடிந்த பிறகு ஒரு கேள்விக்கு விரிவாக விடை எழுத வேண்டும். உங்கள் படைப்பு இந்தத் துறையின் வழமைகளை எவ்வாறு பயன்படுத்துகிறது, எவ்வாறு வளர்க்கிறது, எவ்வாறு எதிர்க்கிறது என்பதே அந்தக் கேள்வி.

ஒரு சனிக்கிழமை காலை அந்த அட்டையின் மாதிரியைச் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். மங்கலான நீலம். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு, நீளப் பின்னல். வேறொன்றும் இல்லை.

"பாடின பிள்ளையின்ரை முகம் எங்கை?"

"முகம் இல்லை அப்பா."

"பேர்?"

"பேரும் இல்லை."

"அப்ப கடைக்கு வாற சனம் எதைப் பாத்து வாங்கிறது?"

"அதுதான் அப்பா பொயின்ற். நாங்கள் வழமையைச் சலெஞ்ச் பண்ணிறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குக் காரணம் அவளல்ல. 1980களின் நடுப்பகுதியில் இந்நாட்டுக்கு வந்த புதிதில் கிழக்கு லண்டனில் ஓர் அச்சகத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். சுவரொட்டிகளும் இசைத்தட்டு உறைகளும் அங்கே அச்சாகும். ஒருநாள் இரவு, பெயரே இல்லாத ஓர் உறை இயந்திரத்தில் ஏறியது. எழுத்துத் தகடு தவறிவிட்டதென்று நினைத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வந்து பார்த்தார். "அது அப்படித்தான்" என்றார். அரைமணி நேரம் இயந்திரம் நின்றதற்கு என் சம்பளத்தில் கைவைக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஏன் அப்படி என்று அவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இந்தக் கட்டுரை அப்படித் தெரிந்துகொண்டவற்றின் ஒரு பகுதி.

முதலில் வழமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 78 சுழற்சித் தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் கொள்ளும். ஒரு முழுச் சிம்பனிக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகிதப் பைகள் தைத்த புத்தகம் போன்ற ஒன்றில் செருகி விற்றார்கள். புகைப்பட அல்பம் போல இருந்ததால் அதற்கும் அல்பம் என்று பெயர் வந்தது. தட்டு போய், நாடா போய், இறுவட்டும் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அந்த அல்பங்களின் வெளிப்புறம் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், முதுகில் பெயர் பொறித்தபடி இருக்கும். கடையில் வரிசையாக நிற்கையில் கல்லறைக் கற்கள் போலத் தெரிந்தனவாம்.

1940இல் கொலம்பியா நிறுவனத்தில் வேலைசெய்த அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்ற இளைஞர், இருபத்துமூன்று வயதுக்காரர், இந்த அட்டைகளுக்குப் படம் போடலாம் என்று முதலாளிமாருடன் வாதாடி இணங்க வைத்தார். றொட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்பு ஒன்றுதான் முதலாவது. ஒரு நாடகக் கொட்டகை வாசலின் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்ற வைத்து, தொகுப்பின் பெயர் மின்விளக்கில் ஒளிர்வது போலப் படம்பிடித்து அதையே அட்டையாக்கினார். அட்டையில் படம் என்பதே அன்று ஒரு மீறல். 1948இல் பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு வந்தபோது அந்த மீறல் கட்டாயமாகிவிட்டது. கடைகளில் தட்டுகளைப் பெட்டிகளில் நிறுத்தி வைப்பார்கள். வாங்க வருபவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். அப்போது கண்ணில் படுவது உறையின் மேற்பகுதி மட்டும்தான். ஆகவே பெயர் மேலே, பெரிய எழுத்தில். கீழே பாடகரின் முகம், கூடுமானால் சிரித்தபடி. அழகியல் நூல் எதுவும் விதித்ததல்ல இந்த விதி. கடையின் மரப்பெட்டி விதித்தது.

அதைப் பெரிய அளவில் உடைத்துக் காட்டியவர்கள் பீற்றில்ஸ் குழுவினர். 1968 நவம்பரில் வெளிவந்த இரட்டைத் தட்டுக்கு ஓவியர் றிச்சர்ட் ஹமில்ரன் வெறும் வெள்ளை அட்டையைக் கொடுத்தார். குழுவின் பெயர் மை இல்லாமல் புடைப்பாக அழுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு தொடர் இலக்கம். லட்சக்கணக்கில் அச்சாகும் பொருளுக்கு, எண்ணிக்கை வரையறுத்த ஓவியப் பிரதி போல இலக்கமிடுவதில் இருந்த குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1969இல் 'அபி றோட்' முன்னட்டையில் நால்வரும் தெருவைக் கடக்கிறார்கள், பெயரில்லை, தலைப்பில்லை. வடிவமைத்த ஜோன் கோஷ் அதற்காக நிறுவனத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். உலகத்துக்கே தெரிந்த நால்வருக்குப் பெயர் எதற்கு என்பது அவர் பக்கத்து நியாயம். 1970இல் பிங்க் ஃபுளோயிட் ஒரு பசுமாட்டைப் போட்டது. 'அற்றம் ஹார்ட் மதர்' என்ற அந்தத் தட்டின் முன்னட்டையில் புல்வெளியில் நிற்கும் மாடு நம்மைத் திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். மாட்டுக்குப் பெயர் உண்டு, லுலுபெல். குழுவின் பெயர்தான் இல்லை. 1971இல் லெட் செப்பலின் தன் நான்காவது தட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. நிறுவனம் தலையில் அடித்துக்கொண்டது. அது அவர்களின் மிக அதிகமாக விற்ற தட்டாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இவற்றைத்தான் பாடப்புத்தகங்கள் மரபுமீறல் என்று கொண்டாடுகின்றன. ஆனால் இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள். ஊரறிந்த பணக்காரன் நாலுமுழத்தோடு சந்தைக்கு வரலாம். அவனை யாரும் வெளியே போ என்று சொல்லமாட்டார்கள். அதே வேட்டியோடு அயலூர்க்காரன் ஒருவன் வந்தால் கதை வேறு. என் மகளிடம் இதைச் சொன்னேன். "அவையளுக்குப் பேர் தேவையில்லை. உன்ரை சிநேகிதியை ஆருக்குத் தெரியும்?" கேட்டுவிட்டு எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் இந்த வாதத்துக்கு எதிரான சாட்சி ஒன்று எனக்கு நன்றாகவே தெரியும்.

1979 ஜூனில் மன்செஸ்ரரில் ஃபக்ரரி றெக்கோர்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் ஜோய் டிவிஷன் என்ற, வெளியே அதிகம் அறியப்படாத குழுவின் முதல் நெடுந்தட்டை வெளியிட்டது. 'அன்நோன் பிளெஷர்ஸ்' என்று பெயர். அட்டையை அமைத்தவர் பீற்றர் சவில். கறுப்புப் பரப்பின் நடுவே மலைத்தொடர் போல அடுக்கடுக்கான வெள்ளைக் கோடுகள். முன்புறம் ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்தக் கோடுகள் கற்பனை அல்ல. ஒரு துடிப்பு விண்மீனிலிருந்து வந்த எண்பது வானொலித் துடிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த படம் அது. அந்த விண்மீன் 1967இல் ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதலாவது துடிப்பு விண்மீன். ஹறல்ட் கிறாஃப்ற் என்ற ஆய்வாளர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு உருவாக்கிய இப்படம் கேம்பிறிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் மறுபதிப்பாக வந்தது. அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர்கள் குழுவினர்தான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததைச் சவில் தலைகீழாக்கினார். அவர் செய்த மாற்றம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

விழுந்தால் தாங்குவதற்கு இவர்களுக்குப் புகழ் இல்லை. ஃபக்ரரியிடம் விற்பனைப் பிரிவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. ஆகவே பெயரைப் பெரிதாகப் போடு என்று கட்டளையிடவும் ஆளில்லை. வறுமை கொடுத்த சுதந்திரம். இன்று அந்தப் படம் உலகெங்கும் ரீசேட்டுகளில் இருக்கிறது. அணிந்திருப்பவர்களில் பலர் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கமாட்டார்கள். 2012இல் டிஸ்னி நிறுவனமே அந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் உருவத்தில் வளைத்து ஒரு சட்டை போட்டுவிட்டு, பிறகு விற்பனையிலிருந்து எடுத்தது.

அதே குழு, பாடகர் இறந்த பிறகு நியூ ஓடர் என்ற பெயரில் 1983இல் 'புளூ மண்டே' தட்டை வெளியிட்டபோது சவில் இன்னும் ஒரு படி மேலே போனார். குழுவினரிடம் கண்ட கணினி நெகிழ்வட்டு அவருக்குப் பிடித்துப்போய், உறையையே பெரிய நெகிழ்வட்டுப் போலச் செய்தார். கறுப்பு அட்டையில் துளைகள். துளைகளூடே உள்ளுறையின் வெள்ளி நிறம். பெயரும் தலைப்பும் ஓரத்தில் வண்ணக் கட்டங்களாகச் சங்கேத எழுத்தில். அதை வாசிப்பதற்கான திறவுகோல் வேறொரு தட்டின் பின்னட்டையில்.

இதில் அச்சகத்தான் என்ற முறையில் ஒரு வார்த்தை. அட்டையில் துளை வெட்டுவதென்பது மை பூசுவது போன்ற காரியம் அல்ல. அந்த வடிவத்துக்கு எஃகு அலகு வளைத்துப் பலகையில் பதித்து அச்சு செய்ய வேண்டும். அச்சடித்த தாள்கள் காய்ந்த பிறகு வேறொரு இயந்திரத்தில் மறுபடி ஓட வேண்டும். வெட்டு ஒரு மயிரிழை விலகினாலும் அந்தத் தாள் குப்பைக்கு. வெட்டிய துண்டுகள் துளைகளிலேயே தொங்கும். அவற்றைக் கையால் தட்டி உதிர்க்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் நிறுவனத்துக்கு நட்டம் என்ற கதை இதனால்தான் பிறந்தது. எவ்வளவு நட்டம் என்பதை ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். பின்வந்த பதிப்புகளில் துளைகள் இல்லை. பன்னிரண்டு அங்குலத் தனிப்பாடல் தட்டுகளில் அதுவே மிக அதிகமாக விற்றதாயிற்று.

இனிக் காணொளிக்கு வருவோம். இதன் வழமைகள் பிறந்த விதம் இன்னும் வேடிக்கையானது. பெரும்பாலும் 'வரமுடியாது', 'செய்யமுடியாது' என்ற இரண்டு சொற்களிலிருந்து பிறந்தவை. 1966இல் பீற்றில்ஸ் ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் நேரே போக முடியாததால் 'பேப்பர்பாக் றைற்றர்', 'றெயின்' பாட்டுகளைப் படமாக்கி அனுப்பினார்கள். மேற்கு லண்டனில் சிசிக் மாளிகைத் தோட்டத்தில் எடுத்தது; இன்றும் போய் அந்த மரங்களுக்குக் கீழே நிற்கலாம். 1975 நவம்பரில் குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி'. ஆறு நிமிடப் பாட்டு. நடுவே பல அடுக்குகளாகப் பதிவுசெய்த ஒபேராப் பகுதி. தொலைக்காட்சி மேடையில் அதற்கு வாயசைத்தால் சிரிப்பாகப் போய்விடும். அதோடு அவர்கள் சுற்றுப்பயணத்தில் வேறு இருந்தார்கள். புறூஸ் கவர்ஸ் என்ற இயக்குநர் சில மணி நேரத்தில் எடுத்து முடித்தார். இருட்டில் நான்கு முகங்கள் வைர வடிவில் மேல்நோக்கி நிற்கும் காட்சி நினைவிருக்கலாம். அது 1974இல் மிக் றொக் எடுத்த அவர்களது இரண்டாவது தட்டின் அட்டைப்படம். அட்டை அசையத் தொடங்கியது, அதுவே காணொளி. அட்டைக்கும் காணொளிக்கும் விளம்பரத்துக்கும் ஒரே முகச்சாயல் இருக்க வேண்டும் என்று இன்று மாணவர்களுக்கு விதியாகச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு நல்ல பழைய உதாரணம் இது.

1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி தொடங்கியது. அதன்பின் காணொளி என்பது ஒரு வசதி அல்ல, தொழில். 1992இல் அன்ட்றூ குட்வின் என்ற ஆய்வாளர் இந்த வகைமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரித்தானியப் பள்ளிகளில் ஊடகவியல் படித்த எவரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வார்கள். பாட்டின் சொற்களுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பார்த்தார். சொல்லைக் காட்சி அப்படியே விளக்கலாம், விரித்துப் பெருக்கலாம், அதிலிருந்து முற்றாக விலகியும் நிற்கலாம். வகுப்பறைகளில் இதோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒவ்வோர் இசைவகைக்கும் உரிய காட்சி அடையாளங்கள், பிற படங்களைச் சுட்டும் பழக்கம், உடலைப் பார்க்கும் பார்வை, எல்லாவற்றுக்கும் மேலாக முகத்தின் அண்மைக் காட்சி. இந்தக் கடைசி விதி கம்பனியின் விதி. காசு கொடுப்பவர்கள் அவர்கள். விற்க வேண்டியது முகம். அந்தச் செலவில் ஒரு பங்கைப் பெரும்பாலும் பாடகரின் வருமானத்திலேயே கழித்துக்கொள்வார்கள் என்பது வேறு கதை. தன் முகத்துக்குத் தானே விலைகொடுத்தல்!

இந்த விதியைப் பலர் பலவிதமாக எதிர்த்தார்கள். றீப்ளேஸ்மென்ற்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1980களின் நடுவில் 'பாஸ்ரட்ஸ் ஒஃப் யங்' பாட்டுக்குக் கொடுத்த கறுப்பு வெள்ளைக் காணொளியில் ஓர் ஒலிபெருக்கி மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கமரா மெல்லப் பின்வாங்குகிறது. யாரோ ஒருவன் உட்கார்ந்து சிகரெற் புகைக்கிறான். கடைசியில் எழுந்து ஒலிபெருக்கியை உதைக்கிறான். முடிந்தது. நேரடியான மறுப்பு. எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2002இல் கெமிக்கல் பிறதர்ஸ் குழுவின் 'ஸ்ரார் கிற்றார்' பாட்டுக்கு மிஷேல் கொன்ட்றி செய்தது வேறு ரகம். ஓடும் ரயிலின் ஜன்னலூடே தெரியும் பிரெஞ்சு நாட்டுப்புறம், வேறொன்றுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் தெரியவரும், ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு தாள ஒலிக்கு வந்து போகிறது என்பது. முகத்தை எடுத்துவிட்ட இடத்தில் இசையையே கண்ணுக்குக் காட்டிவிட்டார். யாழ்தேவியில் ஜன்னலோரம் இருந்து தந்திக்கம்பங்களுக்குத் தாளம் போட்ட ஒருவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் அதிகம் யோசித்தது றேடியோஹெட் குழுவின் 'நோ சர்ப்றைசஸ்' காணொளியைப் பற்றி. 1998இல் வந்தது, இயக்கியவர் கிறான்ற் ஜீ. முழுப்பாட்டுக்கும் ஒரே காட்சி: கண்ணாடிக் கோளத்துக்குள் பாடகர் தொம் யோர்க்கின் முகம். கம்பனி கேட்டது அண்மைக் காட்சிதானே? இந்தா, நான்கு நிமிடமும் அதுதான். பாட்டின் வரிகள் கண்ணாடியில் பிரதிபலித்து ஊர்ந்துபோகின்றன. பிறகு கழுத்தடியிலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. வாய், மூக்கு, நெற்றி. முகம் முழுக்க மூழ்கிப்போய், அசைவில்லாமல், பார்க்கும் நமக்கு மூச்சு முட்டும் அளவுக்கு ஒரு நீண்ட நேரம். பிறகு தண்ணீர் வடிகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். படப்பிடிப்பில் அந்தப் பகுதிக்குப் பாட்டை வேகமாக ஓடவிட்டு, பின்னர் காட்சியின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் அவர் உண்மையில் மூச்சடக்கிய நேரம் திரையில் தெரிவதை விடக் குறைவு. அப்படியும் அவர் பட்ட பாட்டை அதே இயக்குநரின் 'மீற்றிங் பீப்பிள் இஸ் ஈசி' என்ற ஆவணப்படத்தில் காணலாம். மறுபடி மறுபடி முயன்று, தாங்கமுடியாமல், திட்டிக்கொண்டு தலையை வெளியே எடுக்கிறார். வழமையை ஒரு துளியும் மீறாமல் அதற்கு முழுதாகக் கீழ்ப்படிந்தே அதைக் கேள்விக்குள்ளாக்கிய காணொளி இது. வெண்பாவின் தளை ஒன்றும் தட்டாமல் எழுதியே வெண்பாவைக் கேலிசெய்த நம் தனிப்பாடற் புலவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இவற்றையெல்லாம் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே பார்த்திருந்தாள். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில், "அப்பா, உண்மையைச் சொன்னால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்களோ?" என்றாள்.

பாடிய பிள்ளை அவளோடு படிப்பவள். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம். முகத்தோடுதான் முதலில் எடுத்தார்களாம். இரண்டு நாள் படப்பிடிப்பு முடிந்த பிறகு அந்தப் பிள்ளையின் தாய் அறிந்து, பாடுவதைத் தடுக்கவில்லை, முகம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். எடுத்த அவ்வளவையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இப்போது ஒப்படைக்கு விடை எழுதும்போது, அண்மைக் காட்சி என்ற வழமையை எதிர்த்தோம் என்று எழுதியிருக்கிறாள்.

எதிர்த்ததா, இல்லை அதைவிடப் பலமான வேறொரு வழமைக்குப் பணிந்ததா? எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. குயின் குழுவும் ஏதோ ஒன்று முடியாமற்போய்த்தான் புதியதைச் செய்தது. ஆனால் வாயசைக்க முடியாமையும் முகம் காட்ட விடாமையும் ஒன்றா? அந்தத் தாயை நான் குறைசொல்லப் போவதில்லை. எங்கள் ஆட்களின் வாய்க்குப் பயப்படாத தாய் லண்டனிலும் குறைவு, ரொறன்ரோவிலும் குறைவு.

அதே 2014இல்தான் சியா என்ற அவுஸ்திரேலியப் பாடகி 'ஷன்டிலியர்' பாட்டுக்குத் தன் முகத்தைக் காட்டாமல், பதினொரு வயதுச் சிறுமி மடி சீக்லரைத் தன்னுடையதைப் போன்ற வெண்பொன் நிறப் பொய்முடி அணிவித்து ஆடவிட்டிருந்தார். புகழ் தன் தனிவாழ்க்கையைத் தின்றுவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் என்ன நடந்தது? அந்தப் பொய்முடியே முகமாகிவிட்டது. அட்டையில், மேடையில், விளம்பரத்தில் எங்கும் அதுதான். முகத்தை மறைத்தல் என்பது முகத்தை விற்பதற்குச் சமமான ஒரு சரக்காக மாறியதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

மகளின் மனதில் இருந்த முன்மாதிரி சியா அல்ல, எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1980களின் நடுவில் அகதியாகத் திரும்பிவந்த மாதங்கி அருட்பிரகாசம். திரைப்படமும் காட்சிக்கலையும் படித்தவர். பாடகியாவதற்கு முன்பே எலாஸ்ரிக்கா குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டை செய்தவர். அதனால் அவரது அட்டைகளையும் காணொளிகளையும் வேறு யாரோ உடுத்திவிட்ட உடையாகப் பார்க்க முடியாது. 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். 'கலாங்' காணொளியில் அவர் ஆடும்போது பின்னால் அவரே வெட்டித் தெளித்த படங்கள்: பனைமரம், குண்டு, புலி. அவற்றைக் கண்டு நம்மவரில் மகிழ்ந்தவர்களும் உண்டு. எங்கள் பிணங்களை வைத்துப் பாட்டு விற்கிறாள் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இரு தரப்பாரும் என் வீட்டு வரவேற்பறையிலேயே இருந்தார்கள். 2010இல் 'மாயா' தொகுப்பின் அட்டையில் அவர் முகத்தை யூரியூப் ஓட்டப்பட்டைகள் மூடிக்கிடக்கின்றன. கண்கள் மட்டும் தெரிகின்றன. முகம் காட்டவேண்டும் என்ற விதி, அந்த முகத்தைக் காட்டும் கருவியாலேயே மறைக்கப்படுகிறது. இந்த அட்டைதான் என் மகளின் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. நான் அதை அச்சுப் பிழை என்றே பல மாதம் நினைத்திருந்தேன்.

மகளின் ஒப்படை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, 2015இல், எம்.ஐ.ஏ. தானே இயக்கிய 'போடர்ஸ்' வந்தது. படகுகளில் நெருக்கியடித்த ஆண்கள், வேலியில் தொத்திக்கொண்டு எழுத்து வடிவில் அசையாமல் நிற்கும் ஆண்கள். நடுவே அவர், கமராவைப் பார்த்து. அகதிகளைச் செய்தித்துளியாகப் பார்த்துப் பழகிய உலகத்துக்கு அது ஓர் அடி. ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம் தீரவில்லை. எல்லாம் மீறிய அந்தக் காணொளியிலும் நட்சத்திரம் நடுவில், மற்றவர்கள் பின்னணியில் என்ற மிகப் பழைய விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் படகுகளில் ஒரு முகமாவது அண்மையில் வந்திருக்கலாம். மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. நடுவில் நிற்பவரும் அகதிதானே என்பது அவள் பதில்.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2007 ஒக்ரோபரில் றேடியோஹெட் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பைப் பத்து நாள் முன்னறிவித்தலோடு, விரும்பிய விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டது. 2013 டிசெம்பரில் பியோன்சே எந்த அறிவித்தலும் இல்லாமல் பதினான்கு பாட்டுகளையும் பதினேழு காணொளிகளையும் ஒரே இரவில் வெளியிட்டார். அட்டையில் கறுப்பின் மேல் பெயர் மட்டும். சத்தம் போடாமையே பெரிய சத்தமாயிற்று. இதுவும் நாலுமுழம் கட்டிய பணக்காரர் கதைதான். அட்டையின் நிலைமையோ இன்று தலைகீழ். கைபேசியில் கேட்கிறோம், அட்டை ஒரு விரல்நக அளவுச் சதுரம், பெயரைச் செயலியே கீழே எழுதிவிடுகிறது. ஆகவே பெயரில்லா அட்டை இன்று சாதாரணம். நான் இயந்திரத்தை நிறுத்திய அந்த இரவில் மீறலாக இருந்தது இப்போது பயனற்றுப்போன ஒரு விதியின் இல்லாமை மட்டுமே.

மகளிடம் காரணத்தை எழுதச் சொன்னேன். முகம் காட்டக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது, அதற்குள் என்ன செய்தோம் என்று எழுதினால் அதுவே நல்ல விடை என்றேன்.

"அவளின்ரை அம்மாவைப் பற்றி வெள்ளைக்கார ரீச்சருக்கு எழுத ஏலாது அப்பா. அவையள் வேறமாதிரி விளங்கிக்கொள்ளுவினம்."

அது சரிதான் என்று பட்டது. பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காரணத்தை விட்டுவிட்டு, செய்ததை மட்டும் எழுதினாள். செய்தது என்னவென்று முழுக் காணொளியையும் பார்த்தபோதுதான் கண்டேன். இரண்டாம் படப்பிடிப்புக்கு அந்தத் தாயும் காவலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். வந்தவரைச் சும்மா இருக்கவிடாமல் வேலை வாங்கிவிட்டார்கள். காணொளியின் மிக நீண்ட காட்சி, ஏறக்குறைய ஒரு நிமிடம், ஜன்னலுக்கு முன்னால் மகளின் தலையை இரண்டு கைகள் வாரிப் பின்னுகின்றன. பாட்டு உயரும்போது கைகள் வேகமாகின்றன, தணியும்போது நிற்கின்றன. தாய்க்குப் பாட்டு மனப்பாடம் போலும். அண்மைக் காட்சியில் தெரிவது அந்தக் கைகள்தான், ஒரு காப்பும் பழைய தழும்பு ஒன்றும்.

அட்டையிலும் அதே பின்னல். அச்சகத்தானாக நான் ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். முன்னட்டையில் பெயர் வேண்டாமென்றால் விடு; ஆனால் முதுகில் போடு. றாக்கையில் அடுக்கினால் சில மில்லிமீற்றர் அகல முதுகு மட்டும்தான் வெளியே தெரியும். அதில் பெயர் இல்லாவிட்டால், வாங்கியவருக்கே மறுபடி தேடி எடுக்க முடியாது. இருவரும் கூடிக் கதைத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். எழுத்தை நானே அளந்து, மடிப்பில் விழாமல் நடுவில் வைத்துக் கொடுத்தேன்.